மரம் இழுக்கும் வடப்பொறி

வன்னி நாட்டின் பழைய வரலாற்றைப் படிப்போர், யானையைப் பற்றியும் படித்தே தீரவேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் வன்னித் தலைவர்கள் அவர்களுக்குச் செலுத்திய திறை பொன்னன்று, நெல்லன்று. காட்டிலே பிடித்த யானையே அத்திறையாகும். இத்தீவிலே பெருமரங்களைக் காட்டிலிருந்து இழுத்துத் தந்ததும் பழக்கிய யானையே. யானைக்கு வழியில்லாதவன் எருதுகளைப் பூட்டினான். எருதும் இல்லாதவன் அயலாரைக் கூட்டி, அலவாங்கு கொண்டு நெம்பி, மரத்தை உருட்டிச் சென்றான். யானைக்கு அறிவுண்டு. தன்னால் இயலாத பாரம் என்று கண்டால் அது நின்றுவிடும். எருதும் அவ்வாறே. இன்று அவ்வேலை உழவு இயந்திரத்தின் மேல் விழுந்திருக்கிறது. இயந்திரம் வலிமையுடையது, ஆனால் நிற்க வேண்டிய இடம் எது என்பதை அறியாது. அந்த அறிவை அதற்கு அளிக்க வேண்டியவன் அதனைச் செலுத்துகின்ற மனிதனே.

பூநகரிக்கும் முழங்காவிலுக்கும் இடையே உள்ள ஜெயபுரத்தில் ஒரு கமக்காரரை மனத்திலே எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயலும் உண்டு, மேட்டுக்காணியும் உண்டு. வேலியோரத்தில் தேக்கும் வேம்பும் வளர்ந்திருக்கின்றன. ஒரு பழைய பாலை மரமும் நிற்கிறது. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் புரேவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது போல, ஒரு மாரிகாலப் புயல் வீசி அப்பாலையை வேரோடு சாய்த்துவிடுகிறது. மரம் வீட்டுத் தேவைக்கு வேண்டியது. வழியையும் மறித்துக் கிடக்கிறது. அவரிடம் 45 அல்லது 50 குதிரைவலுவுடைய உழவு இயந்திரம் இருக்கிறது. ஒரு சங்கிலியை மரத்திலே கட்டி, மறு முனையை இயந்திரத்தின் பின்புறத்தில் அகப்பட்ட ஓரிடத்தில் மாட்டி, கிளச்சை விட்டு இழுக்கத் தொடங்குகிறார். நம் ஊர்களில் எங்கும் காணும் காட்சி இது. உயிருக்கு ஆபத்தான காட்சியும் இதுவே.

அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். உழவு இயந்திரம் தன் பின்சக்கரங்களால் நிலத்தைப் பற்றி முன்னே செல்கிறது. பின்னாலுள்ள பாரம் அசைய மறுத்தால் சக்கரங்கள் ஒன்றில் வழுக்கிச் சுழலும். அன்றேல் நிலத்தை உறுதியாகப் பற்றி நின்றுவிடும். பற்றி நின்றுவிட்டால், எஞ்சினின் வலு சக்கரத்தைச் சுழற்ற இயலாமல், பின்னச்சை நடுவாகக் கொண்டு இயந்திரத்தின் உடலையே மேலே சுழற்ற முற்படும். முன்சக்கரங்கள் நிலத்தைவிட்டு எழும். சங்கிலியைப் பின்னச்சின் மட்டத்திற்கு மேலே கட்டியிருந்தால், அஃது இயந்திரத்தைப் பின்னோக்கிச் சாய்க்கும் நெம்புகோலாகவே அமைந்துவிடும். இவ்வாறு பின்புறமாகக் கவிழ்வதற்கு ஒன்றரை நொடி போதும். சாரதி ஆபத்தை உணர்ந்து கிளச்சை மிதிக்க எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கவிழ்வுத் தடுப்புச் சட்டகம் இல்லாத பழைய இயந்திரத்தில் சாரதிக்கும் நிலத்திற்கும் இடையே வேறொன்றும் இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. உழவு இயந்திரம் காய்ந்த நிலத்தில் ஏறத்தாழத் தன் நிறையின் பாதியளவுக்கே இழுவிசை தரும். ஈரநிலத்தில் அதுவும் கிடைக்காது. இரண்டு தொன் நிறையுள்ள இயந்திரம் ஒரு தொன் விசையோடு இழுப்பதே அரிது. வலு எஞ்சினிலே இருந்தும் அதனை நிலத்திற்குக் கொண்டுசெல்ல வழியில்லை. இக்குறையைத் தீர்ப்பதற்கே வடப்பொறி எழுந்தது. பொறிவினைஞரும் வியாபாரிகளும் ‘வின்ச்’ என்று வழங்குவது இதனையே.

வடப்பொறியின் அமைப்பு எளியது. உழவு இயந்திரத்தின் பின்னே கலப்பையை மாட்டும் மூன்று இணைப்புக் கைகளில் இஃது ஏற்றப்படுகிறது. உள்ளே ஓர் இரும்பு உருளை. அதிலே உருக்குக் கம்பி வடம் சுற்றப்பட்டிருக்கும். ‘பி.ரீ.ஓ.’ என்று வழங்கும் வலுவெடுப்புத் தண்டு, சங்கிலி அல்லது பற்சக்கரங்களின் வழியாக அவ்வுருளையைச் சுழற்றும். உருளையை இணைக்க ஒரு கிளச்சும், நிறுத்தி வைக்க ஒரு பிரேக்கும் உண்டு. பொறியின் அடியிலே அகன்ற உருக்குத் தட்டு ஒன்று அமைந்திருக்கும். அதனை இறக்கி மண்ணிலே ஊன்றிவிட்டால், இழுப்பின் தாக்கம் சக்கரங்களை விட்டு நிலத்திற்குச் செல்லும். இயந்திரம் நிற்கும்; மரமே அதனை நோக்கி வரும். இயந்திரத்தைச் சேற்றுக்குள்ளும் பற்றைக்குள்ளும் கொண்டு செல்லாமல், உறுதியான தரையில் நிறுத்திக்கொண்டே 50 மீற்றருக்கு அப்பாலுள்ள மரத்தை எடுக்கலாம் என்பது இதன் பெரும் பயன்.

இனி, எத்தகைய பொறியைத் தெரிந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம். முதற்கண் நம் மரத்தின் பாரத்தை அறிதல் வேண்டும். பாலையும் முதிரையும் இலேசான மரங்கள் அல்ல. பாலை நீரில் இட்டால் அமிழும் மரம். ஒரு கன மீற்றர் பாலை ஏறத்தாழ 1,100 கிலோகிராம் நிறை கொள்ளும். 50 சென்ரிமீற்றர் விட்டமும் 4 மீற்றர் நீளமும் உள்ள ஒரு பாலைக் குற்றியின் கனவளவு 0.78 கன மீற்றர். ஆகவே அதன் நிறை 850 கிலோகிராமுக்கு மேற்படும். பச்சை மரமாயின் இன்னும் கூடும். சமமான காய்ந்த தரையில் இதனை இழுப்பதற்கு அதன் நிறையில் பாதி முதல் முக்காற் பங்கு வரை விசை வேண்டும். சேற்றிலே புதைந்தோ, வேரிலே முட்டியோ கிடந்தால், தேவையான விசை மரத்தின் நிறையையும் மிஞ்சிவிடும். இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால், நம் கமக்காரரின் தேவைக்கு 3 முதல் 4 தொன் வரை இழுவிசையுள்ள பொறி அமையும்.

பெரிய பொறியே நல்லது என்று எண்ணுதல் தவறு. அதற்கு ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். மூன்றரைத் தொன் விசையோடு நொடிக்கு அரை மீற்றர் வேகத்தில் இழுப்பதற்கு ஏறத்தாழ 23 குதிரைவலு வேண்டும். பற்சக்கரங்களிலும் சங்கிலியிலும் கழியும் இழப்பைச் சேர்த்தால் 30 குதிரைவலுவை அணுகும். 45 குதிரைவலு உழவு இயந்திரத்திற்கு இது தாங்கக்கூடிய வேலை. எட்டுத் தொன் பொறியை அதே இயந்திரத்தில் மாட்டினால், மரம் வருவதற்குப் பதிலாக இயந்திரமே மரத்தை நோக்கி இழுபட்டுப் போகும். அல்லது முன்புறம் தூக்கிக்கொள்ளும். பொறியின் சொந்த நிறையும் கவனிக்கத்தக்கது. பின்னே பாரம் கூடினால் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். இலேசான முன்சக்கரம் சாரதி திருப்பும் திசையில் திரும்பாது. வேண்டுமாயின் முன்னே இரும்பு எடைக்கட்டைகளை மாட்டுதல் வேண்டும். இருசக்கர உழவு இயந்திரமாகிய ‘லான்ட்மாஸ்ரர்’ இவ்வேலைக்கு ஏற்றதன்று.

வியாபாரி ஒருவர் ‘மூன்றரைத் தொன் பொறி’ என்று சொன்னால், அஃது உருளையின் எந்தச் சுற்றில் அளந்த விசை என்று கேட்க வேண்டும். உருளையில் வடம் நிறைய நிறைய, சுற்றின் ஆரை பெரிதாகிறது. ஆரை பெரிதாக வேகம் கூடும், விசை குறையும். வெற்று உருளையிலே மூன்றரைத் தொன் இழுக்கும் பொறி, ஆரை ஒன்றரை மடங்கானபின் இரண்டேகால் தொன்னை ஒட்டியே இழுக்கும். மரம் அருகே வரும்போது பொறி திணறுவதற்குக் காரணம் இதுவே.

வடத்தைத் தெரிதலில் ஒரு விதியை மறவாதிருக்க வேண்டும். வடம் அறுவதற்கு வேண்டிய விசை, பொறியின் இழுவிசையைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். மூன்றரைத் தொன் பொறிக்கு ஏழு தொன் தாங்கும் வடம் வேண்டும். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள வடங்களுள் தரத்திற்கேற்ப ஆறு தொன் தாங்குவதும் உண்டு, எட்டுத் தொன் தாங்குவதும் உண்டு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் விட்டத்தை மாத்திரம் கேட்டு வாங்காமல், தாங்கும் வலுவை எழுத்தில் பெறுதல் வேண்டும். கொளுக்கி, சங்கிலி, பூட்டு வளையம், கப்பி ஆகிய யாவும் அவ்வாறே. இவற்றுள் எது மெலிந்ததோ, முழு அமைப்பின் வலிமையும் அதனளவே.

மேலும், பொறிக்கும் மனிதனுக்கும் இடையே உறுதியான கம்பி வலைத்தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த வடம் சாரதியின் முதுகை அடையாமல் காப்பது அதுவே. இழுகயிற்றை விட்டவுடன் உருளை தானே நின்று, பிரேக் பிடித்துக்கொள்ளுகிறதா என்று சோதியுங்கள். நெடுங்கயிற்றினாலோ தொலையியக்கியினாலோ இயக்கும் வசதியிருந்தால், ஒதுங்கி நின்று வேலை செய்யலாம். வலுவெடுப்புத் தண்டின் மேல் பிளாத்திக்கு உறை முழுமையாக இருத்தல் இன்றியமையாதது. அத்தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. நம்மவர் வேலைக்கு உடுப்பது சாரம். தோளிலே ஒரு துவாய். சாரத்தின் ஓர் ஓரம் அத்தண்டிலே பட்டால், உதறி விடுவிக்க நேரம் இராது. ஒரு நொடிக்குள் துணியோடு ஆளையும் சுற்றிக்கொள்ளும். ஆகையால் இவ்வேலைக்கு இறுகிய காற்சட்டையும் உறுதியான சப்பாத்தும் வேண்டும். பழகிய உடையை மாற்றுவது சிறு தொல்லை. அதனை மாற்றாததால் நேர்வதோ மாற்ற இயலாத தொல்லை.

ஆண்டிலே நாலைந்து நாட்களே மரம் இழுக்கும் ஒருவர் தாமே ஒரு பொறியை வாங்குதல் சிக்கனமாகாது. வாடகைக்கு எடுக்கலாம், கமக்காரர் அமைப்பின் மூலம் பலர் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். பொதுப்பொருளாயின் ஒரு குறிப்பேடும் அதற்கு வேண்டும். யார் கொண்டுசென்றார், வடம் எந்நிலையில் திரும்பியது, எந்தப் பகுதி பழுதுற்றது என்பவற்றை அதிலே எழுதிவைத்தால், அடுத்தவர் தம் உயிரை மற்றொருவரின் மறதிக்கு ஒப்புவிக்க நேராது. பழைய பொறியை வாங்குவோர் வடம் முழுவதையும் அவிழ்த்துப் பார்த்தபின்பே விலை பேசுதல் வேண்டும்.

நிற்க. பொறி வந்துவிட்டது, இனி வேலை தொடங்கலாமா? அதற்கு முன் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இஃது எந்தப் பொறியின் கைந்நூலிலும் காணாதது. ஆயினும் வன்னிக்கு முதன்மையானது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியோ இன்னும் முழுமையாக நிறைவெய்தவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்பு அறிவிப்பு நிற்கும் இடத்திலும், துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத பற்றைக்காட்டிலும் மரம் எடுத்தல் ஆகாது. ‘இயந்திரம் வீதியிலேதானே நிற்கிறது, வடந்தானே உள்ளே போகிறது’ என்று சிலர் சொல்லக்கூடும். வடம் தானாகப் போவதில்லை. அதனைத் தோளிலே போட்டு நடந்து செல்லும் மனிதனின் கால் அந்நிலத்திலே படுகிறது. திரும்பி வரும் மரமோ மண்ணை உழுதுகொண்டே வருகிறது. ஐயத்துக்குரிய பொருள் ஏதேனும் தென்பட்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்தல் வேண்டும். போர் நிகழ்ந்த இடங்களில் நின்ற முதிய மரங்களுக்குள் இரும்புச் சிதறல்கள் புதைந்திருத்தலும் உண்டு. சங்கிலி வாளால் அறுப்போர் அதனையும் நினைவிற் கொள்க.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. காட்டு மரம் எவருக்கும் உரிய மரமன்று. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனைக் காக்கிறது. சொந்தக் காணி மரமாயினும், பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மரத்தை வீதியிலே கொண்டுசெல்வதற்கு உரிய அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. காலமும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை முடிந்து நிலம் காய்ந்தபின் இழுத்தால் மரமும் எளிதாக வரும்; வயலும் வரம்பும் வாய்க்காலும் சிதையா.

வேலை தொடங்கும் நாளில் உழவு இயந்திரத்தைச் சமதரையில், மரம் நேர் பின்னே அமையும்படி நிறுத்துக. கைப்பிரேக்கை இட்டு, தட்டை இறக்கி மண்ணிலே நன்றாக ஊன்றுக. பக்கவாட்டில் இழுக்கும் விசை இயந்திரத்தைப் பக்கமாகக் கவிழ்க்க வல்லது. ஆகவே கோணம் மாறினால் சோம்பாமல் இயந்திரத்தை நகர்த்தி நிறுத்துதல் வேண்டும். வடத்தை வெளியே கொண்டுசெல்லும்போது தோற்கையுறை அணிக. கடைசி மூன்று சுற்றுகளாவது உருளையில் எப்போதும் எஞ்சியிருத்தல் வேண்டும். வடத்தின் முனையைப் பிடித்திருக்கும் சிறு பூட்டு முழுப்பாரத்தைத் தாங்கும்படி அமைந்ததன்று. சுருக்குச் சங்கிலியை மரத்தின் முனையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி இறுக்குக. வடத்தையே மரத்திலே சுற்றி அதன் கொளுக்கியை அதன்மேலேயே மாட்டுவது வடத்தை நசுக்கிக் கெடுக்கும்.

பின்பு ஆட்களை ஒதுக்குக. இறுகிய உருக்கு வடம் வில்லிலே ஏற்றிய நாணுக்கு ஒப்பானது. அறுந்தால் அதன் துண்டு எத்திசையிற் பாயும் என்று எவராலும் சொல்ல இயலாது; அது பாய்வதைக் கண்டு விலகுதலும் இயலாது. ஆகையால் வெளியே விட்ட வடத்தின் நீளத்திலும் கூடிய தூரத்தில் மற்றையோர் நிற்றல் வேண்டும். இழுபடும் வடத்தைத் தாண்டுதலும், அதன்மேல் ஏறி நிற்றலும், வரும் மரத்தின் அருகே நடந்து அலவாங்கால் திருத்துதலும் கூடா. மரம் முட்டிக்கொண்டால் இழுப்பை நிறுத்தி, வடத்தைத் தளர்த்தி, அதன்பின்பே அருகிற் செல்க. பொறியை இயக்குபவர் ஒருவரே. அவருக்குக் கைச்சைகை காட்டுபவரும் ஒருவரே. ‘நிறுத்து’ என்னும் சைகையை மட்டும் எவர் காட்டினாலும் உடனே நிறுத்துதல் வேண்டும். சிறுவர்கள் வேடிக்கை பார்க்க வருவது இயல்பு. அவர்களைத் தூரத்தே நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டே தொடங்குக.

இடையிலே தடை இருந்து திசையை மாற்ற வேண்டுமாயின், உறுதியாக நிற்கும் மற்றொரு மரத்தில் அகன்ற வார் கட்டி, அதிலே கப்பியை மாட்டலாம். அப்போது ஓர் உண்மையை நினைக்க. வடம் கப்பியிலே செங்கோணமாகத் திரும்பினால், அக்கப்பியின்மேல் விழும் விசை இழுவிசையைப் போல் 1.4 மடங்கு, முற்றும் மடங்கித் திரும்பினால் இரு மடங்கு. மூன்றரைத் தொன் பொறி அங்கே ஏழு தொன்னாகி நிற்கும். கப்பியோ வாரோ அறுந்தால், வடம் மடங்கிய வளைவின் உட்புறமே அதன் பாய்ச்சலுக்கு இலக்கு. அவ்வளைவுக்குள் ஒருபோதும் நிற்றல் ஆகாது.

வேரோடு சாய்ந்த மரத்தில் மற்றொரு வஞ்சனை உண்டு. அடிமரத்தை அறுத்தவுடன், மண்ணோடு எழும்பி நிற்கும் வேர்த்திரள் திடீரெனப் பழைய குழியிலே திரும்ப விழக்கூடும். எதிர்ப்புறமாகச் சாய்தலும் கூடும். அக்குழிக்குள் எவரும் இறங்கலாகாது. அறுப்பதற்கு முன் வடத்தினால் வேர்த்திரளைப் பிடித்து நிறுத்துதல் அறிவுடைமை. மற்றொரு மரத்திலே சாய்ந்து தொங்கும் மரத்தை இழுக்கும்போது, அம்மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் இயந்திரம் நிற்றல் நன்று.

மரம் பொறியை அடைந்தபின், சங்கிலியைத் தட்டிலுள்ள பிளவிலே மாட்டி, வலுவெடுப்பை நிறுத்தி, முனையை வேண்டிய அளவே உயர்த்தி, மெதுவாகக் கொண்டுசெல்க. மேட்டிலே ஏறும்போதும் வரம்பைக் கடக்கும்போதும் முன்சக்கரம் எழுவதாகத் தோன்றினால், உடனே கிளச்சை மிதித்துப் பாரத்தை நிலத்திலே இறக்குக. தார் வீதியிலே மரத்தை இழுத்துச் செல்லாமல், இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போதல் வேண்டும்.

வேலை முடிந்ததும் வடத்தைத் துடைத்து, சிறிது இழுவிசையோடு ஒழுங்காகச் சுற்றி வைக்க வேண்டும். இழைகள் பல அறுந்து முட்கள்போல் நிற்றல், வடம் முறுக்கேறி மடிந்த இடம், நசுங்கல், ஆழ்ந்த துரு, விட்டத்திலே பத்தில் ஒரு பங்கு தேய்வு ஆகிய இவற்றுள் எது காணப்பட்டாலும் அவ்வடத்தின் ஆயுள் முடிந்ததென்க. அறுந்த வடத்தை முடிச்சிட்டுச் சேர்த்தல் கூடாது. முடிச்சு பாரத்தைத் தாங்குவதுபோல் தோன்றி, தாங்க வேண்டிய வேளையிலே கைவிடும். பழைய வடம் வேலிக்குதவும், உயிருக்கு உதவாது.

முதலுதவிப் பெட்டியொன்றும் தொலைபேசியொன்றும் அருகே இருத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமில்லா நோயாளர் வண்டிச் சேவை கிடைக்கும். தனியாக ஒருவர் இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. அழைப்பதற்கு ஒருவராவது உடனிருத்தல் வேண்டும்.

நம் கமக்காரரிடம் திரும்பி வருவோம். சங்கிலியைக் கட்டிக் கிளச்சை விட முனைந்த அவர், அதனை அவிழ்த்து வைத்துவிட்டு, அமைப்பிலிருந்து பொறியைக் கேட்டு வாங்குகிறார். அன்று முடிய வேண்டிய வேலை மறுநாள் முடிகிறது. ஒரு நாள் பிந்தியதால் பாலை மரம் உளுத்துப்போகவில்லை. மாலையிலே அவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். அவருடைய பிள்ளைகள் அதனை ஒரு பெரிய செய்தியாக எண்ணவில்லை. வழக்கம்போல் அப்பா வந்தார் என்றே நினைக்கிறார்கள். அவர்கள் என்றும் அவ்வாறே நினைக்கும்படி வேலை செய்வதே இப்பொறியை ஆளும் முறையாகும்.